நான்கு நாள் மலைநடையும் ஒரு கேள்வியும்

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் கணக்கு வாசிப்போம். எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, எந்த வார்டுக்குக் கூரை மாற்றினோம் என்று சொல்லுவோம். இந்த முறை கணக்கை அச்சிட்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். ஆகவே வேறொன்றைப் பேச நேரம் கிடைத்திருக்கிறது.

சென்ற ஆண்டு இங்கே வந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் வெளிநோயாளிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "பேர், வயசு, ஊர், வியாதி எல்லாம் சரி. 'எப்படி வந்தீர்கள், யார் கூட்டி வந்தார்கள்' என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அது எதற்கு ஐயா?" என்றார். அன்றைக்குச் சுருக்கமாக ஏதோ சொல்லி முடித்தோம். உண்மையில் அந்த வரி எங்களுக்கு ஒரு மலையில் கிடைத்தது. அந்தக் கதையை இன்று முழுதாகச் சொல்ல விரும்புகிறோம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். நம் ஊரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? ஆற்றங்கரை இருக்கிறது, வாய்க்கால் மதகு இருக்கிறது, நெற்போர் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கப் பெரிய கோயில் விமானம் ஒன்று இருக்கிறது. அதன் உயரம் 216 அடி. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பெரிய கோயிலை ஒன்றின் மேல் ஒன்றாக முப்பத்திரண்டு முறை அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். எங்களில் பலர் அதுவரை பஸ்ஸில்கூட அந்த மலைக்குப் போனதில்லை.

காலம் 2017ஆம் ஆண்டு, பிப்ரவரி முதல் வாரம். அந்த வருஷத்தை டெல்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள். 2016இல் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று. செப்டம்பர் 20இல் சம்பாவுக்குத் தண்ணீர் விட்டார்கள். அதை நம்பி விதைத்தவர்களை வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. 2017 ஜனவரி 10ஆம் தேதி தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. பொங்கலுக்கு அறுக்க வேண்டிய கதிர் பாலேறாமல் சருகாய் நின்றது. கருகிய வயலைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எங்கள் வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். சிலரைக் காப்பாற்ற முடிந்தது, சிலரை முடியவில்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊழியர்கள் உடம்பிலும் மனதிலும் மிகவும் களைத்துப்போனார்கள்.

அப்போதுதான் எங்கள் டாக்டர்களில் ஒருவர், "நாலு நாள் எல்லாரும் சேர்ந்து நடந்துவிட்டு வருவோம். காலுக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் ஓயும்" என்றார். ஒன்பது பேர் கிளம்பினோம். இரண்டு டாக்டர்கள், மூன்று நர்ஸ்கள், லேப் தம்பி ஒருவர், வார்டு உதவியாளர் இருவர், டிரைவர் அண்ணன். வனத்துறையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் துணைக்கு வந்தார். பயணத்தின் செலவு எங்கள் சொந்தப் பணம். உங்கள் காணிக்கையில் ஒரு ரூபாயும் இதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் நாள்: கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி

தஞ்சையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகப் பெரியகுளம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடியுமுன் கும்பக்கரை அருவியடியில் நின்றோம். அருவி என்று பெயர்தான். பாறை இடுக்கில் கயிறு பருமனுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மாந்தோப்புகளும் இலவ மரங்களும் பின்னால் தங்கிவிட, முள்மரக் காடு தொடங்கியது. செம்மண்ணும் உருளும் கல்லுமாகப் பாதை நேரே மேலே போயிற்று.

வயல் வரப்பில் நாள் முழுக்க நடக்கிற கால்கள் எங்களுடையவை. ஆனால் அந்த ஏற்றம் வேறு. அரை மணி நேரத்தில் பேச்சு நின்றுபோயிற்று. நின்று நின்று மூச்சு வாங்கினோம். வெயில் ஏறியபோது இலை உதிர்ந்த காட்டுக்குள் இருந்தோம். காய்ந்த புல் இடுப்பளவு நின்றது. பீடி பிடிக்கும் பழக்கம் உள்ள ஒருவரிடம் வழிகாட்டி முதலிலேயே தீப்பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் புல்லுக்கு ஒரு பொறி போதும் சார்" என்றார். அதன் அர்த்தம் அப்போது எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை.

பிற்பகலில் காற்று மாறிற்று. நிழல் வந்தது. காப்பிச் செடிகள், அவற்றுக்கு மேல் பலா மரங்கள், எலுமிச்சை, வாழை. வெள்ளகவி ஊர் எல்லையில் வழிகாட்டி செருப்பைக் கழற்றினார். அந்த ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊர், மண்ணே அவர்களுக்குப் புனிதம். நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.

வெள்ளகவி பழைய ஊர். 1821இல் ஆங்கிலேய நில அளவை அதிகாரி லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளக்க வந்தபோது இங்கேதான் தங்கி மேலே ஏறினார். கொடைக்கானல் என்ற நகரம் அப்போது கிடையாது. இன்று கொடைக்கானலை உலகம் அறியும். ஆனால் நாங்கள் போன 2017இல்கூட வெள்ளகவிக்கு வண்டி போகும் சாலை இல்லை. அரிசி, உப்பு, சிமென்ட் யாவும் குதிரை முதுகிலோ மனிதர் தலையிலோ வர வேண்டும். விளைந்த காப்பியும் எலுமிச்சையும் அப்படியேதான் வெளியே போக வேண்டும்.

ஊரார் ஒரு வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர்கள் தோட்டத்துக் காப்பியில் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எங்களிடம் இருந்தது. செய்தி பரவி, இருட்டுமுன் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துக்கொண்டே ஒரு பெரியவரிடம், "அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் ஐயா?" என்று கேட்டார்.

"டோலி கட்டுவோம் சாமி" என்றார் அவர். "மூங்கில் ஒண்ணு, கம்பளி ஒண்ணு. நாலு பேரு தூக்க, நாலு பேரு மாத்த. எட்டு ஆம்பளை ஊர்ல இருக்கணும். மொதல்ல மேல வட்டக்கானல் போறதா, கீழ பெரியகுளம் போறதான்னு முடிவு பண்ணணும். மேல போனா ஏத்தம், தூரம் கம்மி. கீழ போனா எறக்கம், ஆனா கல்லு வழுக்கும். மழையா, ராத்திரியான்னு பாத்துத்தான் கெளம்பணும்."

"பிரசவம் என்றால்?"

"அதுவும் டோலிதான். வழியில பொறந்ததும் உண்டு. வழியில போனதும் உண்டு."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. நம் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அது எத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்பதற்கு நாங்களே சாட்சி. ஆனால் ஆம்புலன்ஸ் நிற்பது சாலை முடிகிற இடத்தில். அதற்கு அப்பால் மனிதர் தோளைத் தவிர வேறு வாகனம் இல்லை.

இரண்டாம் நாள்: வெள்ளகவியிலிருந்து கொடைக்கானல்

விடியற்காலையில் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. எங்கள் மூத்த நர்ஸ் அக்கா ஒரு தளர்ந்த கல்லில் கால் வைத்தார். கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். எங்கள் பையில் கட்டுத்துணி இருந்தது, வலி மாத்திரை இருந்தது, இரண்டு டாக்டர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். கட்டுப் போட்டோம். ஆனால் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பு முறிந்ததா இல்லையா என்று எக்ஸ்ரே இல்லாமல் சொல்வதற்கில்லை. எங்கள் படிப்பெல்லாம் அந்த இடத்தில் அவரை ஓர் அடிகூட நகர்த்த உதவவில்லை.

வழிகாட்டி ஊருக்குத் திரும்பி ஓடினார். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேர் மூங்கிலும் கம்பளியுமாக வந்தார்கள். நேற்றிரவு கேட்ட அதே டோலி. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வலியினால் அல்ல. "முப்பது வருஷமா வியாதிக்காரங்களைத் தூக்கினவ நான். என்னைப் போயி அஞ்சாறு பேரு தூக்கறதா? வேணாம் அண்ணே, நான் மெதுவா நகந்து வந்துடறேன்" என்றார்.

முன்னால் நின்றவர் சொன்னார்: "கூச்சப்படாதீங்க தாயி. மூட்டையத் தூக்கறதவிட ஆளத் தூக்கறது லேசு. ஆளு புடிச்சுக்கிடும்ல."

அந்த ஏற்றத்தில் அவர்கள் நடந்ததை நாங்கள் பின்னால் இருந்து பார்த்தோம். வெறுங்கால். முன்னால் போகிறவர் பள்ளத்தையும் கல்லையும் குரல் கொடுத்துச் சொல்ல, பின்னால் வருகிறவர் அதற்கேற்பக் கால் வைக்கிறார். நூறு நூற்றைம்பது அடிக்கு ஒருமுறை நிற்காமலேயே தோள் மாற்றுகிறார்கள். வெறும் பையோடு நடந்த நாங்கள் அவர்களோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினோம்.

அன்று நடுவழியில் சோலைக்காட்டுக்குள் நுழைந்தோம். சோலை என்றால் நாம் நினைக்கிற பூந்தோட்டம் அல்ல. மலை மடிப்புகளில் நெருங்கி வளர்ந்த குட்டையான பழங்காடு. தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் பெரணி. வெயில் தரைக்கு வருவதில்லை. அந்தக் கொடிய வறட்சியிலும் காலடியில் மண் ஈரமாக இருந்தது. ஒரு பாறையடியில் நூலாய்த் தண்ணீர் ஓடிற்று. தூக்கி வந்தவர்கள் அங்கே டோலியை இறக்கி, கை குவித்துக் குடித்தார்கள். முதலில் இலைத் தொன்னையில் பிடித்து அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

அந்த இடத்தில் உட்கார்ந்தபோது எங்களில் ஒருவர் பழைய மிஷன் சரித்திரத்தைச் சொன்னார். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையில் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கல்லறைக்குக் கொண்டுபோயின. பெரியவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள். முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையின் மேல் 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் அப்படித்தான் தொடங்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் மோட்டார் சாலை வந்தது. அதுவரை எழுபது ஆண்டுகள் மேலே போனவர்கள் நடந்தார்கள், குதிரையில் போனார்கள், அல்லது நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்களுடைய பெட்டிகளும் மாவு மூட்டைகளும் பியானோக்களும்கூடத் தோள்களில்தான் ஏறின. அந்நாளைய வழி ஒன்றுக்கு 'கூலி காட்' என்றே பெயர்.

அந்த மிஷனரிகளின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அவர்களுடைய உழைப்பால் எத்தனையோ பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் எழும்பின. அதற்காக நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்கிறோம். ஆனால் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் பெயர் எதையும் நாங்கள் வாசித்ததில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு போதகரும் அவர் குழந்தைகளும் பிழைத்தார்கள் என்றால், அவர்களைக் குளிர்ந்த காற்றுக்குக் கொண்டு சேர்த்த தோள்களுக்கும் அதில் பங்கு உண்டு. இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. மேலே நகரம் வந்தது, ஏரி வந்தது, பள்ளிக்கூடங்கள் வந்தன. தூக்கினவர்களின் மலையில் பிரசவ வலி கண்ட பெண் இன்னும் டோலியில் போய்க்கொண்டிருந்தாள். இதை நினைத்து அன்று நாங்கள் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம்.

வட்டக்கானலில் சாலை வந்தது. ஜீப் ஒன்று பிடித்து அக்காவை ஏற்றினோம். தூக்கி வந்தவர்களிடம் டாக்டர் பணத்தை நீட்டினார். அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். "காப்பி மூட்டைக்கு என்ன கூலியோ அதான் சாமி. கூட வேணாம்" என்றார்கள். கூலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் அது ஒரு நாள் பிழைப்பு. அதிகம்தான் வேண்டாம் என்றார்கள். அக்காவின் செல்போன் எண்ணை மட்டும் ஒருவர் வாங்கிக்கொண்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காம்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, தசைநார் பிசகு. அன்று இரவு அக்கா சொன்னதை உங்களிடம் அப்படியே சொல்லுகிறோம்: "படுத்துக்கிட்டு வந்தப்போ எனக்கு மேலே மரக்கிளையைத் தவிர ஒண்ணும் தெரியல. எங்க போறோம், இன்னும் எவ்வளவு தூரம், கீழே பள்ளமா, ஒண்ணும் தெரியல. தூக்கறவங்க மூச்சு மட்டும் கேட்டுச்சு. நம்ம ஸ்ட்ரெச்சர்ல படுத்துப் போறவங்களுக்கு எப்படி இருக்கும்னு இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மூன்றாம் நாள்: கொடைக்கானலிலிருந்து பூம்பாறை

அக்காவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்றவர்கள் மேற்கே நடந்தோம். அன்றைய காடு வேறு மாதிரி. பைன் மரங்கள் படை வகுத்தது போல வரிசையாய் நின்றன. தைல மரங்கள், சீகை என்று மலைக்காரர்கள் சொல்லுகிற வாட்டில் மரங்கள். பார்க்கப் பச்சையாய் அழகாய்த்தான் இருந்தன. ஆனால் பைன் மரத்தடியில் சருகைத் தவிர ஒன்றும் இல்லை. முந்தின நாள் சோலையில் கண்ட ஈரத்தை அங்கே காணோம்.

இந்த மரங்கள் அந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் விறகுக்குமாக வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து நட்டார்கள். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. வெறும் புல்தானே என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் அந்த மலைகளில் சரிவுகள் மேல் புல்லும் மடிப்புகளில் சோலையும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைக்கின்றன. கொட்டுகிற மழையைப் புல் மெதுவாய் உள்ளே வாங்குகிறது. சோலையின் மக்கிய மண் அதை மாதக்கணக்கில் கசியவிடுகிறது. நம் வீட்டுப் பானையடியில் ஈரத்துணி சுற்றி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கண்டிருக்கிறார்கள். அந்தப் புல்லோடுதான் குறிஞ்சியும் வளர்கிறது. நாங்கள் போனபோது பூ இல்லை, செடிதான் இருந்தது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும்.

மாலையில் பூம்பாறை வந்தது. நம் வயல்கள் பாய் விரித்தது போலக் கிடக்கும். அவர்கள் வயல்கள் படிக்கட்டாக மலைமேல் ஏறுகின்றன. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். பூண்டுக்குப் பேர்போன ஊர் அது. ஒரு விவசாயி எங்களை எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர் என்றதும் அவர் முகம் மாறியது. "உங்க பக்கம் வெள்ளாமை போச்சாமே. பேப்பர்ல பாத்தோம்" என்றார். அவருக்கும் அந்த வருஷம் மழை இல்லை. தன் கஷ்டத்தைச் சொல்லாமல் எங்கள் கஷ்டத்தை முதலில் விசாரித்தார்.

நான்காம் நாள்: பூம்பாறையிலிருந்து மன்னவனூர்

கடைசி நாள் நடை மன்னவனூருக்கு. அங்கே மரம் குறைந்து, திறந்த புல்வெளி அலையலையாய்க் கிடக்கிறது. ஓர் ஏரி இருக்கிறது. மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றும் இருக்கிறது. தூரத்தில் ஒரு காட்டுமாட்டுக் கூட்டம் மேய்ந்தது. வழிகாட்டி எங்களை மூச்சுவிடாமல் நிற்க வைத்து, அவை நகர்ந்த பிறகே அழைத்துப்போனார். அக்கா கையில் ஒரு தடியோடு பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

ஏரிக்கரையில் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். எங்களுக்கு அது புதிது. இந்த மலையின் தெற்குச் சரிவில் விழுகிற மழை வைகைக்குப் போகிறது. வடக்கேயும் வடமேற்கேயும் விழுகிற மழை அமராவதிக்குப் போகிறது. அமராவதி எங்கே போகிறது? கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரியில் சேருகிறது. அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை, அப்புறம் நம் வெண்ணாறும் காவிரியும். மிகைப்படுத்தக் கூடாது. டெல்டாவை வாழவைக்கிற தண்ணீரில் பெரும்பங்கு குடகிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வருகிறது. அமராவதித் தண்ணீரைப் பெரும்பாலும் வழியில் உள்ள வயல்களே குடித்துவிடும். ஆனாலும் நல்ல மழைக் காலத்தில் அந்தப் புல்வெளியில் விழுந்த தண்ணீரும் நம் வாய்க்காலில் கலந்து வந்திருக்கிறது. அதை யார் காத்தார்கள், எப்படி வந்தது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. மதகைத் திறந்தால் வரும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

திரும்பி வந்த பிறகு

வந்த மறுநாளே எங்கள் ஊழியர் ஜெபவேளையில் அக்கா எழுந்து ஒரு யோசனை சொன்னார். "வியாதியஸ்தர் நம் வாசலுக்கு வந்த பிறகுதான் நமக்கு அவர்களைத் தெரியும். வாசல்வரைக்கும் யார் தூக்கி வந்தார்கள் என்று கேட்போமே" என்றார். அன்று தொடங்கியதுதான் சீட்டின் கீழே இருக்கும் அந்த வரி.

நம் ஊரில் மலை இல்லை, சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, இதில் என்ன தெரியப்போகிறது என்று எங்களில் சிலர் நினைத்தோம். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்க வரும் ஒரு அம்மா மூன்று பஸ் மாறி வருகிறார். நடவு நாளில் வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று இரண்டு மாதம் வராமலே இருந்துவிட்டார். அவர் காலில் புண் வந்தது அப்போதுதான். ஒரு தாத்தாவைப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறான், அன்றைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கொள்ளிடக் கரையில் ஒரு குடும்பம் வெள்ளக் காலத்தில் பரிசலுக்குக் காத்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரு டோலி இருக்கிறது. அதை யாரோ தூக்குகிறார்கள். நாங்கள்தான் பார்க்கவில்லை.

பார்த்த பிறகு சில காரியங்களை மாற்றினோம். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று இருந்ததை ஒரே நாளாக்கினோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் டோக்கன். நடவு, அறுப்புக் காலத்தில் மருந்தைச் சற்றுக் கூடுதல் நாட்களுக்குக் கொடுக்கிறோம். கூட வந்தவருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் நின்றுபோனவர்கள் சிலர் மறுபடியும் வரத் தொடங்கினார்கள்.

இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலைநடைக்குப் போன இளையவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தியைக் கேட்டபோது எங்களுக்கு அந்த வழிகாட்டியின் சொல் நினைவுக்கு வந்தது. அதே காய்ந்த புல், அதே மாதிரி சரிவு, எங்களுக்கு ஓர் ஆண்டுக்குப் பிறகு. அன்றும் முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்தவர்களில் அந்த மலைக்கிராமத்து மக்கள் இருந்தார்கள். அதன் பிறகு அரசு விதிகளைக் கடுமையாக்கியது. 2024 அக்டோபரில் வனத்துறையே வழிகாட்டிகளோடு மலைநடைப் பாதைகளைத் திறந்தது. உங்கள் பிள்ளைகள் மலைக்குப் போக விரும்பினால் போகட்டும், நல்லதுதான். ஆனால் அனுமதியில்லாமல் போக விடாதீர்கள். கோடையில் புல் காய்ந்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். உள்ளூர்க்காரர் நில் என்றால் நிற்கச் சொல்லுங்கள்.

அதே 2018, நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நம் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் சாய்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். நாங்கள் நான்கு நாள் நடந்த அந்த மலைவரைக்கும் புயல் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. திண்டுக்கல்லைத் தாண்டிக் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது, மண்சரிந்து அங்கும் உயிர்கள் போயின. இங்கே மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஐந்தாம் நாள் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டதும் அக்காவின் போன் அடித்தது. எண் தெரியவில்லை. எடுத்தால், வெள்ளகவியிலிருந்து பேசினார்கள்.

"தாயி, நாலு நாளா அடிக்கிறோம், கெடைக்கல. உங்க ஊர்ல எல்லாரும் சொகமா? ஆஸ்பத்திரி நிக்குதா?"

அக்கா பதில் சொல்ல முடியாமல் போனை எங்களிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் பேசினோம். அவர்கள் மலையிலும் மரம் விழுந்து வழி அடைபட்டிருந்ததாம். அதை வெட்டி ஒதுக்கிவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி வந்து பேசினார்களாம். அவர்கள் தூக்கினது ஒரு காலைப்பொழுது. ஆனால் ஏறக்குறைய இரண்டு வருஷமாகியும் விசாரிப்பதை விடவில்லை.

அன்பானவர்களே, உங்களில் பலர் எங்கள் ஆஸ்பத்திரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பிய விதவைத் தாய்மார் இருந்தார்கள். அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லை வாசலில் இறக்கிவிட்டுப் பேர் சொல்லாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் எழுதப்படுகிற பெயர்களில் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் யார் கூட்டி வந்தது என்ற அந்த வரியை நிரப்பும்போதெல்லாம் நாங்கள் உங்களையும் நினைத்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், என்ன வியாதி என்று கேட்குமுன், எப்படிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடப் போங்கள்.

அக்கா சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். கால் நன்றாக இருக்கிறது. மழைக்கு முன்னால் மட்டும் சற்று வலிக்கிறதாம். "அது வெள்ளகவி ஞாபகம், இருக்கட்டும்" என்கிறார்.